பாண் வானில் ஆறாவது பலகை

நாங்கள் வாங்கிய வான் அதற்கு முன்னர் ஒன்பது வருடம் பாண் சுமந்தது. எங்கள் தெருமுனையில் கிண்ணியாக்காரர் ஒருவர் பேக்கரி வைத்திருந்தார். துறைமுகத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் விடியக் காலையில் பாண் கொண்டுபோனது அந்த வான்தான். அவர் லொறி ஒன்று எடுத்ததும் வான் விலைக்கு வந்தது. இவர், அதாவது என் கணவர், என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அதை வாங்கிவிட்டு, ஒரு பின்னேரம் வாசலில் கொண்டுவந்து நிறுத்தி ஹோர்ன் அடித்தார். நான் வெளியே வருவதற்கு முன்னமே பக்கத்து வீட்டுச் சிறுமி இரண்டு இறாத்தல் பாணுக்குக் காசோடு வந்து நின்றாள்.

அறுபதுகளின் தொடக்கம் அது. வெள்ளைக்காரர் துறைமுகத்தை விட்டுப்போய்ச் சில வருடங்கள்தான் ஆகியிருந்தன. இவர் துறைமுக வேலைத்தலத்தில் மரவேலைப் பகுதியைப் பார்த்துக்கொண்டிருந்தார். படகுகளில் ஆட்கள் படுக்கும் தட்டுகளைச் செய்வதும் திருத்துவதும் அவருடைய தொழில். நான் பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றில் படிப்பித்தேன். மூன்று பிள்ளைகள், மூத்தவளுக்குப் பத்து வயது, பின்னால் இரண்டு பெடியன்கள்.

வானுக்குள் இரண்டு பக்கமும் மேலிருந்து கீழாக மரச்சட்டங்கள் இருந்தன. பாண் அடுக்கிய தட்டுகளை இழுத்துத் தள்ளுவதற்கான சட்டங்கள். இவர் உள்ளே ஏறி, அவற்றைத் தடவிப் பார்த்து, இறங்கி வந்து சொன்னார்:

“இந்தச் சட்டத்திலை பலகையைத் தள்ளிவிட்டா படுக்கை. பகல்லை இழுத்து அடுக்கிவிடலாம். ஓகஸ்ட் விடுமுறைக்கு நாங்கள் ஒருத்தற்றை வீட்டையும் போய் நிக்கத் தேவையில்லை.”

கேட்காமல் வாங்கிய கோபம் எனக்கு அந்த ஒரு வசனத்தோடு போய்விட்டது. அதுவரை எங்கள் பயணமெல்லாம் உறவினர் வீடுகளுக்குத்தான். யாழ்ப்பாணத்தில் ஒரு கிழமை, மட்டக்களப்பில் ஒரு கிழமை. அங்கே போனதும் ஆண்கள் கதிரையை இழுத்துப் போட்டுக் கதைக்கத் தொடங்குவார்கள். நான் இன்னொருத்தியின் குசினிக்குள் நின்று வெங்காயம் உரிப்பேன். ஊருக்குத் திரும்பும்போது போனதைவிடக் களைப்பாக இருக்கும். அதற்கு விடுமுறை என்று பெயர்.

இன்னொரு காரணமும் இருந்தது. அதைச் சொல்லாவிட்டால் இந்தக் கதையே இல்லை. எங்கள் வீட்டில் ஆறாவது ஆள் ஒருவர் இருந்தார்: இவருடைய அக்கா, எனக்கு மச்சாள், பிள்ளைகளுக்கு மாமி. கலியாணம் முடித்து இரண்டு வருடத்தில் புருஷனை இழந்து, பிள்ளையும் இல்லாமல், தம்பியோடு வந்து இருந்துவிட்டவர். நான் கலியாணம் முடித்து வந்த அன்றே அவர் அந்த வீட்டில் இருந்தார். பதினொரு வருடத்தில் நானும் என் கணவரும் பிள்ளைகளும் மட்டும் என்று ஒரு வேளைச் சோறு தின்றது கிடையாது. மச்சாளில் எனக்கு ஒரு குறையும் இல்லை. குறை இருந்திருந்தால் சண்டையாவது பிடித்திருக்கலாம். இரண்டு கிழமை, இரண்டே இரண்டு கிழமை, அவர் இல்லாமல் நாங்கள் ஐந்து பேரும் எங்கேயாவது இருக்கவேண்டும் என்று எனக்கு ஆசை. அந்த ஆசையை நான் ஒருவரிடமும் சொன்னதில்லை. வானைக் கண்டதும் அது வாய்வரைக்கும் வந்துவிட்டது.

“பலகை எத்தனை?” என்று இவர் கேட்டார். காதில் பென்சில், கையில் அளவு நாடா.

“அஞ்சு.”

“அஞ்சோ?”

“எண்ணிப் பாருங்கோ. நீங்கள், நான், பிள்ளையள் மூண்டு.”

பென்சிலை எடுத்தவர் திரும்பவும் காதில் செருகினார். “அப்ப அக்காவிட்டை நீயே சொல்லு.”

“உங்கடை அக்கா. நீங்கள்தான் சொல்லவேணும்.”

அதற்குப் பிறகு ஆறு கிழமை வேலை நடந்தது. அந்த ஆறு கிழமையும் இருவரில் ஒருவரும் மச்சாளிடம் அதைச் சொல்ல வாயைத் திறக்கவில்லை.

முதல் வேலை எறும்பை வெளியேற்றுவது. ஒன்பது வருடத்துப் பாண் தூள் சட்டங்களின் இடுக்கெல்லாம் இறுகிக் கிடந்தது. சவர்க்காரம் போட்டுக் கழுவினோம், மண்ணெண்ணெயால் துடைத்தோம். எறும்புகள் இரண்டு நாள் போய்விட்டு வந்தன. பாண் வாசம் கடைசிவரை போகவில்லை. வெயில் ஏறினால் பிள்ளைகளுக்குப் பசிக்கும். பிறகு வெளிப்பக்கத்துக்குத் துறைமுகத்துச் சாம்பல் நிறம் பூசினோம். ஏலத்தில் வந்த அந்தப் பெயின்றால் எங்கள் ஊரில் பாதிக் கேற்றுகளும் கடற்படைக்குச் சொந்தமானவை மாதிரி நின்றன. எங்கள் வானும் அந்தக் கூட்டத்தில் சேர்ந்தது.

இவர் வானைச் செய்யவில்லை, படகைச் செய்தார். தட்டு ஒவ்வொன்றுக்கும் இரண்டு அங்குல விளிம்பு, அலையடித்தால் கோப்பை விழாமல் இருக்க. கந்தளாய் வழியில் என்ன அலை என்று கேட்டேன். இவர் அடுத்த விளிம்பை அளந்தார். மண்ணெண்ணெய் அடுப்புக்கு மணல் போட்ட தகரப் பெட்டி, தண்ணீர்ப் பீப்பாவுக்கு ஒரு குழாய், பின்கதவுக்கு மேலே சுருட்டிக் கட்டிய படங்கு. அதை அவிழ்த்து இரண்டு தடியில் நிறுத்தினால் நிழல் கிடைக்கும். வானுக்கு யன்னல் இல்லாததால் இரண்டு பக்கமும் தகரத்தை வெட்டி யன்னல் வைத்தார். பாண்போல எங்களை அடுக்கப் போகிறார் என்று பேக்கரிக்காரர் வந்து பார்த்துச் சிரித்தார். பிறகு, பழகிய பாசத்தில், வெறும் மாப்பைகள் ஒரு கட்டுத் தந்துவிட்டுப் போனார்.

அந்த மாப்பைகளை மச்சாள்தான் எடுத்துக்கொண்டார். நாலு தரம் அவித்துத் துவைத்து, நீலம் போட்டு, யன்னலுக்குத் திரை தைத்தார். எழுத்து முழுதாகப் போகவில்லை. ஒரு திரையில் மா ஆலையின் பெயர் தலைகீழாக நின்றது. தோப்பூர்ச் சந்தையிலிருந்து இலவம் பஞ்சு எடுப்பித்தார். மிளகாய் வறுத்து இடித்தார், அரிசிமா வறுத்தார், பொரிவிளாங்காய் பிடித்தார், தேசிக்காய் ஊறுகாய் போட்டார். தகரப் பேணிகளின் கழுத்தில் நூல் கட்டினார்: சிவப்பு நூல் மிளகாய்த்தூள், மஞ்சள் நூல் பருப்பு, வெள்ளை நூல் சீனி. எந்தப் பேணி எந்தத் தட்டில் என்று மூத்தவளுக்குப் பாடமாக்கிக் கொடுத்தார். வானுக்குள்ளும் குசினி அவருடையதாகிவிட்டது என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவ்வளவையும் ஒருத்தி எதற்குச் செய்வாள்? கூட வருவதற்குத்தானே? நான் கணக்கு வைத்திருந்தது அப்படித்தான்.

நேரே சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. அதனால் அங்கும் இங்கும் ஒரு சொல்லைப் போட்டுப் பார்த்தேன். “வானுக்குள்ளை அஞ்சு பேருக்குத்தான் இடம், மச்சாள்,” என்றேன் ஒருநாள், அரிசி புடைத்துக்கொண்டு.

“ஓம், அது போதும்தானே,” என்றார்.

இன்னொரு நாள், பஞ்சு அடைக்கும்போது, “தலையணி எத்தனை தைக்கிறது, தங்கச்சி?” என்று கேட்டார். இதுதான் சமயம் என்று “அஞ்சு” என்றேன். என் தலையணி எங்கே என்று கேட்பார், நான் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். அவர் கேட்கவில்லை. ஐந்து தலையணி தைத்து, ஐந்துக்கும் உறை போட்டு, வரிசையாக அடுக்கிவிட்டுப் போனார். எனக்கு ஆத்திரமாக வந்தது. தெரியாத மாதிரி நடிக்கிறார், கடைசி நாள் தன் தலையணியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஏறிவிடுவார் என்று முடிவுகட்டினேன். பிறகு யார் இறக்குவது?

இவர் என்ன முடிவில் இருந்தார் என்பது நிலாவெளிக் கடற்கரையில்தான் தெரிந்தது. புறப்படுவதற்கு ஒரு கிழமை முன்னர், வானை ஓட்டிப் பார்ப்போம் என்று பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு போனோம். கரைவலை இழுப்பதைப் பார்க்கப் பிள்ளைகள் ஓடிவிட்டார்கள். நான் உள்ளே சாமான் சரிபார்த்தேன். எல்லாவற்றுக்கும் கீழே, சாக்கால் மூடி, ஒரு பலகை கிடந்தது.

“இது என்ன?”

“பலகை.”

“பலகை எண்டு தெரியுது. ஆருக்கு?”

“சும்மா. சாமான் வைக்க.”

“ஆறடிச் சாமானோ?”

இவர் கடலைப் பார்த்தார். படகு செய்கிறவர்களுக்கு இது ஒரு வசதி, எப்போதும் பார்க்கக் கடல் இருக்கும். “பாவம் அவ,” என்றார் கடைசியில்.

“பாவம்தான். நானும் பாவம்தான். பதினொரு வருஷத்திலை ஒரு தரம் கேக்கிறன். இந்தப் பலகை ஏறினா நான் இறங்கிறன். நீங்களும் உங்கடை அக்காவும் போட்டு வாங்கோ.”

எனக்கு அழுகை வந்தது, அடக்கிக்கொண்டேன். வீட்டுக்கு வந்ததும் இவர் பலகையை இறக்கிக் கிணற்றடிச் சுவரில் சாத்தினார். அடுத்த நாள் பார்த்தால் மச்சாள் அதை இரண்டு கல்லில் வைத்து மிளகாய் காயப்போட்டிருக்கிறார்.

“நல்ல பலகை. எங்காலை வந்தது?” என்று கேட்டார்.

நானும் சொல்லவில்லை, இவரும் சொல்லவில்லை.

புறப்படும் நாள் வந்தது. முதல் நாள் கந்தளாய்க் குளத்தடியில் தங்கி, பிறகு கண்டி, நுவரெலியா என்று திட்டம். காலை ஏழு மணி நல்ல நேரம். நாலு சில்லுக்கும் கீழே தேசிக்காய் வைத்தாயிற்று. பிள்ளையார் கோயில் ஐயர் வந்து வானின் நெற்றியில் திருநீறு பூசி, தேங்காய் உடைத்துவிட்டுப் போனார். பிள்ளைகள் எப்போதோ ஏறி, யாருக்கு மேல்தட்டு என்று அடிபடத் தொடங்கிவிட்டார்கள். நான் வாசலைப் பார்த்தபடி நின்றேன். மச்சாள் பையோடு வந்து நின்றால் சொல்லவேண்டிய வசனத்தை மனதுக்குள் நாலைந்து விதமாகச் சொல்லிப் பார்த்தேன். ஒரு விதமும் நன்றாக இல்லை.

மச்சாள் வரவில்லை. விடியக் காலையில் கட்டுச்சோறு கட்டித் தந்ததோடு ஆளைக் காணவில்லை.

“அக்கா எங்கை?” என்றார் இவர், ஸ்ரேறிங்கைப் பிடித்துக்கொண்டு. குரல் சரியில்லை.

கோபித்துக்கொண்டு உள்ளே இருக்கிறார் என்று நினைத்தேன். நாங்கள் அப்படியே போய்விட்டால் நல்லது என்றும் நினைத்தேன். ஆனால் “போட்டு வாறம்” என்று ஒரு சொல் சொல்லாமல் வீட்டை விட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. இறங்கிப் போனேன். அறையில் இல்லை. குசினியில் இல்லை. பின்கதவைத் திறந்தேன். விறகு அடுக்கிய மூலையில், கவிழ்த்துப் போட்ட உரலில், தெருவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தார்.

“இஞ்சை என்ன செய்யிறியள்?”

திடுக்கிட்டு எழும்பியவர் என்னைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். “ஐயோ, நீ ஏன் திரும்பி வந்தனி? வெளிக்கிட்டாப் பிறகு திரும்பி வரக்கூடாது. போ, போ. வான் சத்தம் போகுமட்டும் நான் இதிலை இருக்கிறன்.”

“ஏன்?”

“ஏனோ? குழந்தையளோடை மலைப் பாதையிலை போறியள். நான் முன்னுக்கு வந்து முழுவியளம் பிழைச்சுப்போனா? முன்வீட்டுப் பிள்ளையைத் தண்ணிக்குடத்தோடை கேற்றடியிலை நிக்கச் சொல்லியிருக்கிறன். அவ குறுக்காலை வந்தாப் பிறகு வானை எடுங்கோ.”

பயணம் வெளிக்கிடும்போது முதலில் எதிர்ப்படும் ஆளைத்தான் எங்களூரில் முழுவியளம் என்பார்கள். சுமங்கலி நிறைகுடத்தோடு வந்தால் நல்லது. விதவை வந்தால் போன காரியம் சரிவராது. முன்வீட்டுப் பெண் அந்தக் காலை நேரத்தில் பட்டுச்சேலையும் குடமுமாக ஏன் கேற்றடியில் நிற்கிறாள் என்று நான் யோசித்திருந்தேன். அதையும் மச்சாள்தான் ஒழுங்குபண்ணியிருக்கிறார்.

“மச்சாள், நீங்கள் எங்களோடை வர யோசிக்கேல்லையோ?”

“எங்கை?”

“எங்கையோ? கண்டிக்கு. நுவரெலியாவுக்கு. இந்த வானிலை.”

“நானோ?” என்றார். சிரித்தார். நான் பகிடி விடுகிறேன் என்று நினைத்த சிரிப்பு. அதில் ஒரு மனத்தாங்கலும் இல்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

ஆறு கிழமையாக நான் ஒரு கதவை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். மறுபக்கத்தில் ஒருவரும் தள்ளவில்லை. பேணிக்கு நூல் கட்டியது, மூத்தவளுக்குப் பாடமாக்கியது, எல்லாம் தான் இல்லாத இடத்தில் நாங்கள் தேடித் திரியக்கூடாது என்பதற்காக. பதினொரு வருடத்தில் எத்தனை கலியாணவீட்டுக்கு, எத்தனை கோயிலுக்கு வெளிக்கிட்டிருப்போம். ஒருநாளும் மச்சாள் வாசலில் நின்று கை காட்டியதில்லை. முகத்தை நீட்டிக்கொண்டு பின்னால் போய்விடுவார் என்றுதான் நான் நினைத்திருந்தேன். படித்தவள், பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறவள், ஒருநாள்கூடப் பின்பக்கம் வந்து பார்க்கவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. வெட்கம் வந்தால் எனக்குக் கோபம்தான் முன்னுக்கு வரும்.

“எழும்பி வாங்கோ,” என்று அதட்டினேன். “நீங்களும் வாறியள்.”

“விசர்க்கதை கதையாதை. நான் அதுக்குள்ளை வர ஏலாது. அஞ்சு பலகைதானே அடிச்சிருக்கு.”

நான் கிணற்றடிக்குப் போய், மிளகாய்ப் பலகையைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு முன்பக்கம் நடந்தேன். இவர் பலகையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். இறங்கி அதை வாங்கி, கீழ்ச் சட்டத்தில் வைத்துத் தள்ளினார். நூலளவும் பிசகாமல் போய் இருந்தது. அந்தப் பலகையில் நான்தான் படுத்தேன். கண்டி போய்ச் சேருமட்டும் தும்மினேன். அது வேறு கதை.

திரும்பிப் போய் மச்சாளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன். வீட்டு மூலை திரும்பியதும் அவர் கால் நின்றுவிட்டது. வானுக்கு முன்னால் வரமாட்டேன் என்று சுவரைப் பிடித்துக்கொண்டார். “தம்பி, நீயாவது சொல்லன்,” என்று கெஞ்சினார். இவர் அவரைப் பார்த்து, “ஏறு அக்கா,” என்று மட்டும் சொன்னார். முன்வீட்டுப் பெண் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, வருவதா போவதா என்று தெரியாமல் நின்றாள். “மாமி வாறா!” என்று பெடியன்கள் தகரத்தில் தட்டினார்கள். பெண்டுகள் பார்க்கிறார்கள், தெரு பார்க்கிறது. நான் பிடித்த கையை விடவில்லை. வானுக்கு முன்னால், விளக்குகளுக்கு முன்னால், குறுக்கே நடத்திக்கொண்டுதான் போனேன்.

படியில் ஒரு காலை வைத்தவர் திரும்பவும் இறக்கிவிட்டார்.

“நான் எனக்கு உடுப்பு ஒண்டும் எடுத்து வைக்கேல்லையே,” என்றார், பெரிய குற்றம் செய்தவர்போல.

“நீங்கள் ஏறுங்கோ. நான் எடுத்துக்கொண்டு வாறன்.”

அவருடைய அறைக்கு ஓடினேன். அலுமாரியில் கீழ்த்தட்டு மட்டும்தான் அவருடையது. மற்றத் தட்டுகளில் எங்கள் பிள்ளைகளின் பழைய புத்தகங்களும் உடுப்புகளும் இருந்தன. இரண்டு வெள்ளைச் சேலை, சட்டைகள், ஒரு துவாய், ஒரு சீப்பு, முழங்காலுக்குப் பூசும் எண்ணெய்ப் போத்தல். வேறு ஏதாவது இருக்கும் என்று கட்டிலுக்குக் கீழேயும் பார்த்தேன், கதவுக்குப் பின்னாலும் பார்த்தேன். எங்களுக்கு ஆறு கிழமை சாமான் சேர்த்தவருக்கு வேண்டியதையெல்லாம் எடுத்துவைக்க எனக்கு ஐந்து நிமிடம் செல்லவில்லை. பை பாதிகூட நிரம்பவில்லை.